பனாமா கால்வாய்க்குள் நுழையப்போகும் பாய்மரப் படகுக் கேப்டன்களுக்கு ஒரு திறந்த மடல்

கேப்டன்களே, வணக்கம்.

கால்வாயின் அட்லாண்டிக் முனையில் உள்ள கோலோனில் உங்கள் முறைக்காகக் காத்திருக்கிறீர்கள். அதிகாரி வந்து படகை அளந்துவிட்டுப் போயிருப்பார். (1928-ல் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன் என்ற அமெரிக்கர் இந்தக் கால்வாயை நீந்தியே கடந்தார். அவரையும் கப்பல் கணக்கில் சேர்த்து 36 சென்ட் கட்டணம் வாங்கிவிட்டார்கள். உங்களை மட்டும் சும்மா விடுவார்களா?) சுவரில் உரசாமலிருக்கப் பழைய டயர்களைப் படகின் பக்கவாட்டில் தொங்கவிட்டாயிற்று. தலா 38 மீட்டர் நீளத்தில் நான்கு கயிறுகளும் வந்துவிட்டன. பாக்கி இருப்பது அவற்றைப் பிடிக்க நான்கு பேர். இந்த மடல் அவர்களைப் பற்றியது.

காசு கொடுத்தால் உள்ளூரிலேயே அனுபவப்பட்டவர்கள் கிடைப்பார்கள். ஆனாலும் உங்களில் பலர் பக்கத்துப் படகுக்காரர்களையோ முதுகுப்பையோடு ஊர் சுற்ற வந்தவர்களையோதான் கூப்பிட்டுக்கொள்கிறீர்கள். நானும் அப்படி ஏறியவன்தான். "ஒன்றும் பெரிய வேலை இல்லை, கயிறு பிடிக்கணும், அவ்வளவுதான்" என்றார் என்னை அழைத்த கேப்டன்.

அவ்வளவுதான் இல்லை. கட்டூன் என்ற இடத்தில், கதவுகள் உள்ள மூன்று நீர்த்தொட்டிகள் வழியே படிப்படியாகப் படகு கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் மேலே, கட்டூன் ஏரிக்கு ஏறுகிறது. ஒவ்வொரு தொட்டியும் 305 மீட்டர் நீளம், 33.5 மீட்டர் அகலம். முன்னால் ஒரு சரக்குக் கப்பல் நிற்கும், அதன் முதுகுக்குப் பின்னால் உங்கள் படகு. மேலே சுவரில் நிற்கும் கால்வாய்த் தொழிலாளர்கள் நுனியில் குண்டு முடிச்சுப் போட்ட மெல்லிய கயிற்றை வீசுவார்கள். அதில் நம் பெரிய கயிற்றின் கண்ணியைக் கட்டிக் கொடுத்தால், மேலே இழுத்துத் தூணில் மாட்டுவார்கள். (அந்த முடிச்சு தலையில் விழுந்தால் தெரியும் சேதி. சோலார் பேனல் மேல் மெத்தையைப் போட்டு மூடிவிடுங்கள்.) கதவு மூடியதும் தொட்டியின் தரையிலுள்ள துளைகள் வழியே ஏரித் தண்ணீர் பொங்கி வரும். பம்பு எதுவும் கிடையாது, ஏரி உயரத்தில் இருப்பதால் தானாகவே பாய்கிறது. படகு ஏற ஏற நான்கு மூலைகளிலும் கயிறு தளரும். நான்கு பேரும் ஒரே சீராக அதை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தால்தான் படகு நடுவில் நிற்கும்.

இரண்டாவது தொட்டியில் எங்கள் படகின் பின்பக்க இடது கயிறு தளர்ந்து கிடந்தது. அதைப் பிடித்திருந்தவர் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு முன்னால் நின்ற கப்பலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது, கப்பல் எஞ்சினைப் போட்டது. அதன் விசிறி தள்ளிய தண்ணீர் எங்கள் மேல் மோத, படகின் பின்பாகம் வலதுபக்கச் சுவரை நோக்கிப் போனது. வழிகாட்டக் கால்வாய் நிர்வாகம் படகில் அனுப்பிய அட்வைசர் கத்திய கத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. டயர் ஒன்று சுவரில் உரசிக் கிழிந்தது, படகு தப்பியது.

போனை வைத்திருந்தது நான்தான்.

தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் நிரம்பி நின்ற பிறகுதான் ஆபத்து அதிகம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நிரம்பிவிட்டது, வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, கிளீட்டில் (கயிறு கட்டப் படகில் பொருத்தியிருக்கும் கொம்பு) ஒரு சுற்றுப் போட்டுப் பிடித்தால் பாரம் கைக்கு வராது என்பதையெல்லாம் மூன்றாவது தொட்டிக்குப் போகும் அந்தச் சில நிமிடங்களில், அட்வைசரின் திட்டுகளுக்கு நடுவேதான் கற்றுக்கொண்டேன்.

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அட்வைசருக்குச் சூடான சாப்பாடும் மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலும் தர வேண்டும், இல்லாவிட்டால் அவர் வெளியிலிருந்து வரவழைப்பார், செலவு உங்கள் தலையில். அந்தப் பயத்தில் அவருக்குக் கோழிக்கறி, எங்களுக்கு பிஸ்கட். இரவு கட்டூன் ஏரியில் மிதவையில் கட்டிப் படுத்தபோது அந்தப் பசியில் தூக்கம் வரவில்லை. ஏரியில் முதலைகள் உண்டு என்பதால் குளித்து ஆறவும் வழியில்லை.

தூங்காதவர்கள்தான் மறுநாள் இறங்கும் தொட்டிகளில் கயிறு பிடித்தோம். பெத்ரோ மிகேலில் ஒன்று, மிராஃப்ளோரஸில் இரண்டு. இறங்கும்போது வரிசை மாறும். படகு முன்னால் போய் நிற்க, கப்பல் பின்னாலிருந்து மெல்ல மேலே கவிந்து வரும். இப்போது கயிற்றை இழுக்கக் கூடாது, விட வேண்டும். யாராவது கிளீட்டில் இறுக்கிக் கட்டிவிட்டால் தண்ணீர் கீழே போகும், படகு கயிற்றில் தொங்கும். நல்லவேளை, அதற்குள் நாங்கள் தேறிவிட்டோம்.

உங்களிடம் கேட்பது அதிகமில்லை. முந்தின நாள் மாலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நான்கு பேரையும் அவரவர் மூலையில் நிறுத்தி, நிஜக் கயிற்றையே கையில் கொடுத்து, இழுக்கவும் விடவும் பழக்குங்கள். முன்னால் இருப்பவர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு எந்த வழியாகப் போவார், எதில் தடுக்கி விழுவார் என்று நடந்து பாருங்கள். கதவு திறக்கும் நேரத்தைப் பற்றி இரண்டு தடவை சொல்லுங்கள். போன்களை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். சமைப்பதைப் படகில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்துச் சமையுங்கள்.

அப்புறம், கால்வாயின் மறுமுனையில் பால்போவா பக்கம் போய் இறங்கியதும் பசிபிக்கைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்துவிடாதீர்கள், எங்களில் பாதிப் பேருடைய படகு இன்னும் கோலோனில்தான் நிற்கிறது. திரும்பிப் போக பஸ் காசு கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பின்பக்க இடது கயிறு