இடிவதால்தான் அது செங்குத்தாக நிற்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயண இணைப்பில் கடல் ஓங்கல்களை, அதாவது கடலோரச் செங்குத்துப் பாறைகளைப் பற்றி வந்த கட்டுரையில் படங்கள் அருமை. ஆனால் அவற்றை 'யுகயுகமாய் அசையாத கற்சுவர்கள்' என்று எழுதியிருப்பது உண்மைக்கு நேர்மாறானது.

ஓயாமல் இடிந்துகொண்டிருப்பதால்தான் ஓங்கல் செங்குத்தாக இருக்கிறது. அலையின் தாக்குதல் அடிவாரத்தில்தான். விரிசலுக்குள் சிக்கிய காற்றை அலை அழுத்துகிறது. அது பின்வாங்கியதும் அந்தக் காற்று வெடிப்பதுபோல் விரிந்து கல்லைப் பிளக்கிறது. ஸ்காட்லாந்தின் ஸ்கெரிவோரில் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 1845இல் அளந்த புயல் அலையின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 30 டன். அலை வீசியெறியும் கூழாங்கற்களும் சேர்ந்து அரைக்க, அடியில் குடைவு விழுகிறது. தாங்க ஆளில்லாத மேற்பாறை சரிகிறது. சரிந்த கற்குவியல் கொஞ்ச காலம் அடிவாரத்துக்கு அரணாக இருக்கும்; அதையும் அலை அள்ளிப்போன பிறகு மறுபடி குடைவு. அலை எட்டாமல் போன ஓங்கலோ மழையில் கரைந்து, புல் மூடி, வெறும் சரிவாகிவிடும்.

வேகம் பாறையைப் பொறுத்தது. கருங்கல்லில் ஒரு மனித ஆயுளில் மாற்றம் தெரிவது அரிது. இங்கிலாந்தின் ஹோல்டர்னஸ் களிமண் கரையோ ஆண்டுக்குச் சராசரியாக 1.5 முதல் 2 மீட்டர் வரை பின்வாங்குகிறது.

கட்டுரை பறவைகளை ஒரே வரியில் முடித்துவிட்டது. அயர்லாந்தின் மோஹர் ஓங்கல் 214 மீட்டர் உயரம். அங்கே மணற்கல்லும் களிப்பாறையும் மாறிமாறிப் படிந்திருக்கின்றன. மென்மையான களிப்பாறை முதலில் உதிர, மணற்கல் தட்டுத்தட்டாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. நரி ஏற முடியாத அந்தத் தட்டுகளில்தான் கில்லிமாட் என்ற கடற்பறவை கூடே கட்டாமல் வெறுங்கல்லில் ஒற்றை முட்டை இடுகிறது. ஒரு முனை கூர்த்த முட்டை, சரிவிலும் எளிதில் உருளாது. மூன்று வாரக் குஞ்சு, பறக்கத் தெரியும் முன்பே, கீழே கடலிலிருந்து தந்தை கூப்பிட, குதித்துவிடுகிறது. அதன்பின் பல வாரம் வளர்ப்பது தந்தைதான். பஃபின் என்ற இன்னொரு கடற்பறவைக்குத் தட்டு பிடிக்காது. உச்சியில் மண் கனமாக உள்ள இடத்தில் வளை தோண்டும்.

'சுவர் கட்டிக் காக்க வேண்டும்' என்ற கட்டுரையின் யோசனையையும் ஏற்பதற்கில்லை. இடிந்து விழும் கல்லும் மணலும்தான் பல கடற்கரைகளுக்குத் தீனி. அதை நிறுத்தினால் நீரோட்டத் திசையில் அடுத்துள்ள கரை மெலியும். அலை அங்கே நேரடியாக மோதும். ஊரே விளிம்பில் இருந்தால் வேறு கதை.

கடைசியாக, முதல் படம். ஒருவர் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கீழே பாறை இருக்கிறதா, வெறும் காற்றா என்பது மேலிருந்து தெரியவே தெரியாது. விளிம்புக்கு இணையாகப் புல்லில் ஓடும் மெல்லிய வெடிப்பு, அந்தத் துண்டு ஏற்கெனவே பிரிந்துவிட்டதன் அடையாளம். பெருமழைக்குப் பின் வெயிலடித்தாலும் நம்ப வேண்டாம். விரிசலில் இறங்கிய நீரின் அழுத்தம் சில நாள் கழித்தும் பாறையைத் தள்ளும். குறைந்தது 5 மீட்டராவது தள்ளி நிற்பது நல்லது. கீழே போகிறவர்கள் அடிவாரத்தில் நிழலுக்கு ஒதுங்கக் கூடாது. பாறை முகத்தில் மற்ற இடத்தைவிட வெளிறிய, பாசி படியாத திட்டு தெரிந்தால் அங்கே அண்மையில்தான் இடிந்திருக்கிறது. ஓதம் (கடல் நீர்மட்டத்தின் ஏற்றவற்றம்) வடியத் தொடங்கிய பிறகே இறங்கி, ஏறத் தொடங்கும் முன் திரும்பிவிட வேண்டும். முனைகளுக்கு இடையிலான சிறு வளைகுடாக்களில் நீர் முதலில் அடைப்பது திரும்பும் வழியைத்தான்.

இத்தகைய கட்டுரை மீண்டும் வெளியாகும்போது அந்த மாதிரிப் படத்தைத் தவிர்த்து, அன்றைய ஓத நேரத்தைப் பார்த்துவிட்டுப் போகும்படி ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர் ஒருவர்