மூன்று கோடிச் சொற்கள்: செல்விக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வி,

நலம். அங்கே எல்லோரும் சுகம்தானே? இங்கே மழை விட்டபாடில்லை. அதனால், வீடுகளில் குழந்தையிடம் எவ்வளவு பேசுகிறார்கள் என்று பதிவு செய்து பார்க்கப்போகும் உன் ஆய்வின் வரைவை வீட்டிலேயே உட்கார்ந்து இரண்டு தடவை படிக்க முடிந்தது.

முதல் பக்கத்திலேயே, ‘ஏழைக் குழந்தை வசதியான வீட்டுக் குழந்தையைவிட நான்கு வயதுக்குள் 3 கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது’ என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எடுத்துவிடு. அது யாரும் உட்கார்ந்து எண்ணிய தொகையே இல்லை, பெருக்கி வந்தது. பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் 42 குடும்பங்களில் மாதம் ஒரு மணி நேரம் பதிவு செய்தார்கள். குழந்தைக்கு ஏழெட்டு மாதம் ஆனதிலிருந்து மூன்று வயது வரை. குடும்பத்துக்கு ஏறக்குறைய 30 மணி நேரம்தான் தேறும். படித்து நல்ல வேலையில் இருப்பவர்கள் வீட்டில் குழந்தையிடம் பேசியது மணிக்கு 2,153 சொற்கள், அரசு உதவித்தொகையில் வாழ்ந்த வீடுகளில் 616. குழந்தை வாரத்துக்கு 100 மணி நேரம் விழித்திருக்கும் என்று வைத்துக்கொண்டு நான்கு வருடத்துக்குப் பெருக்கினால் முன்னதற்கு 4 கோடியே 48 லட்சம், பின்னதற்கு 1 கோடியே 28 லட்சம். கழித்துப் பார், 3 கோடியே 20 லட்சம், அதாவது சுமார் 3 கோடி வந்துவிடும். 1995-இல் புத்தகமாக வந்தது. அதன்பிறகு மேடை மேடையாக ஓடுகிறது இந்த எண்.

உதவித்தொகைக் குடும்பங்கள் எத்தனை தெரியுமா? ஆறே ஆறு. ஆறும் கறுப்பினக் குடும்பங்கள். வறுமையையும் இனத்தையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. நோட்டும் டேப்புமாக ஒரு அந்நியர் எதிரே உட்கார்ந்தால், அதிகாரிகள் வந்துபோகும் ஏழை வீட்டில் வாய் அடைத்துப்போகும், வசதியான வீட்டில் பேச்சு கூடும் என்பது என் ஊகம்.

ஸ்பெரி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2019-இல் ஐந்து சமூகங்களின் பழைய பதிவுகளை எடுத்து மறுபடி எண்ணினார்கள். தாயின் பேச்சோடு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மற்றவர்களின் பேச்சையும், பக்கத்தில் நடக்கும் பேச்சையும் சேர்த்ததும் அந்தப் பெரிய இடைவெளி நிற்கவில்லை. காதில் விழும் பேச்சும் நேராகச் சொல்லும் பேச்சும் ஒன்றாகுமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. அதுவும் நியாயமான கேள்விதான். வைஸ்லெடர், ஃபெர்னால்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013-இல் 29 ஸ்பானிய மொழிக் குடும்பங்களை எடுத்தார்கள், எல்லாமே வருமானம் குறைந்தவை. பத்து மணி நேரத்தில் ஒரு குழந்தையிடம் நேராகப் பேசியது 12,000 சொற்களுக்கு மேல், இன்னொன்றிடம் 670. பின்னால் குழந்தையின் சொல்வளத்தோடு ஒத்துப்போனது அந்த நேரடிப் பேச்சு மட்டும்தான். ஒரே வருமானத்துக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, ‘ஏழை வீடு’ என்று ஒற்றை சராசரி போடாதே. ஒவ்வொரு வீட்டின் எண்ணையும் தனித்தனிப் புள்ளியாகக் காட்டு.

அடுத்தது கருவி. லீனா பதிவுக் கருவி வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். குழந்தையின் சட்டைப் பையில் வைத்தால் 16 மணி நேரம் ஓடும். பேச்சை எழுத்தாக மாற்றாது, பெரியவர்களின் சொல் எண்ணிக்கையை ஒலியை வைத்து மதிப்பிடும். பெரியவர் பேச்சுக்கும் குழந்தை குரலுக்கும் இடையில் ஐந்து வினாடிக்கு மேல் போகாவிட்டால் அதை ஒரு ‘பேச்சு மாற்று’ என்று கணக்கில் எடுக்கும். நம் வீடுகளில் எங்கெங்கே சறுக்கும் என்று யோசி. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அந்தத் துண்டையே ஒதுக்கிவிடும். எட்டு வயது அக்கா இடுப்பில் தூக்கிக்கொண்டு நாள் முழுக்கக் கதை சொன்னாலும் பெரியவர் கணக்கில் பூஜ்யம், ஏனென்றால் அது சிறுவர் குரல். பாதிப் பேச்சு அக்காவும் அண்ணனும்தான் என்கிற வீட்டுக்கு இந்தக் கருவி ஊமை வீடு என்று சான்றிதழ் கொடுத்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் தமிழ். ‘வரமாட்டேங்கிறான்’ என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதையே சொல்ல மூன்று நான்கு சொல் வேண்டும். கருவியோ அமெரிக்க ஆங்கிலத்தில் பழகியது. ஆகவே கான்சஸ் எண்ணுக்குப் பக்கத்தில் உன் எண்ணை வைத்து அட்டவணை போட்டுவிடாதே. சொல் வேண்டவே வேண்டாம், பேச்சு மாற்றையும் வாக்கியத்தையும் எண்ணு என்பேன். சொல்தான் வேண்டுமென்றால் துணைவினையைப் பிரிப்பதா, விகுதியைச் சேர்ப்பதா என்ற விதியை முதல் பதிவுக்கு முன்பே எழுதி வை. பாதியில் மாற்றினால் எல்லாம் பாழ்.

ஒவ்வொரு பதிவிலும் குருட்டாம்போக்கில் ஐந்து நிமிடத் துண்டு பத்து எடு. அதிலுள்ள பேச்சை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டு எழுதட்டும், யார் யாரிடம் பேசினார்கள் என்பதோடு. கருவியின் கணக்கோடு ஒப்பிட்டு, எவ்வளவு தவறுகிறது என்பதை அறிக்கையிலேயே போட்டுவிடு. வீட்டுக்கு இரண்டு நாள் வேண்டும், ஒன்று வேலை நாள், ஒன்று ஞாயிறு. கூலி வேலைக்குப் போகும் தாய் அன்று எத்தனை மணிக்குக் கிளம்பினாள், எத்தனை மணிக்குத் திரும்பினாள் என்று குறிக்க ஒரு தாள் கொடு. மணிக்கு எவ்வளவு பேசினாள் என்பதும், குழந்தையோடு விழித்திருக்க அவளுக்கு எத்தனை மணி கிடைத்தது என்பதும் வேறு வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பெயர் கூலி நேரம், அதைத் தாய்மார்களுக்கு வகுப்பெடுத்துச் சரிசெய்ய முடியாது.

ஒப்புதல் படிவத்தில் வந்துபோகும் பக்கத்து வீட்டாரை மறந்துவிட்டாய். அவர்கள் குரலும் பதிவாகும். மாலையில், ‘எதையாவது அழிக்கணுமா?’ என்று குடும்பத்திடம் கேட்டு, அவர்கள் சொல்லும் நேரத்தை அழித்தபிறகே பதிவை வெளியே எடுத்துப்போக வேண்டும்.

எதை எப்படி எண்ணுவது என்ற விதித் தாளை முதலில் அனுப்பு. மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்,
மல்லிகா