லாரி ஸ்டாண்டில் ராத்திரி நேர பிபி பரிசோதனை கேட்டு மனு

அனுப்புநர்: லாரி ஓட்டுநர், நாமக்கல்.
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், நாமக்கல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

22 வருஷமாக லாரி ஓட்டுகிறேன், இப்போது டேங்கர். போன மாதம் முதுகு வலிக்கு ஊசி போடப் போன இடத்தில் நர்ஸ் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, ஐந்து நிமிஷம் உட்காரச் சொல்லி மறுபடியும் பார்த்தார். 170/110. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, வண்டியை நானேதான் ஓட்டிக்கொண்டு போயிருந்தேன். 140/90 தாண்டினாலே பிரஷர் என்றார் டாக்டர்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பாவுக்கு பிரஷர் இருந்ததா, இருந்தது. பீடி? நாளைக்கு ஒரு கட்டு. தூக்கம்? பகலில் கேபினில் நாலு மணி நேரம். தண்ணி? ட்ரிப் முடிந்தால் மட்டும். சாப்பாடு? ரோட்டோரக் கடை பரோட்டா, சால்னா, ஊறுகாய். உப்பு மொத்தமே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டுமாம், எனக்கு ஒரு வேளையிலேயே அது தீர்ந்துவிடும் போல. தொப்பையைப் பற்றிக் கேட்கவில்லை, பார்த்தாலே தெரிந்திருக்கும். முதுகு வலிக்கு மெடிக்கலில் நானாக வாங்கிப் போடும் மாத்திரைகூட அடிக்கடி போட்டால் பிரஷரை ஏற்றும் என்றது எனக்குப் புதுச் செய்தி.

எல்லாவற்றுக்கும் "கொஞ்சம்தான் சார்" என்றேன். ஆனால் பத்து பார்ட்டி சரக்கை ஏற்றும்போது ஒவ்வொரு பில்லும் சரியாகத்தான் இருக்கும், எடை மேடையில் ஏறினால்தானே ஓவர்லோடு தெரியும்? உப்பு உடம்பில் தண்ணீரைத் தேக்குகிறது, பீடி ரத்தக்குழாயை இறுக்குகிறது, தூங்கும்போது இறங்க வேண்டிய பிரஷர் நாங்கள் சரியாகத் தூங்காததால் சரியாக இறங்குவதில்லை. எங்கள் தொழிலில் இது எல்லாமே ஒரே ஆளிடம் இருக்கும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம், என் அம்மாவுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் அவர்கள் வருவது பகலில், நான் வீட்டில் இருப்பது மாதத்தில் மூன்று நாள்.

அதனால் வாரம் இரண்டு நாள் ராத்திரி 8 முதல் 11 வரை லாரி ஸ்டாண்டில் ஒரு பரிசோதனை மேஜை வேண்டும். பிபி மட்டும் பார்த்து அனுப்பாமல் சர்க்கரை, இடுப்பளவு, பீடி, தூக்கம் எல்லாவற்றையும் ஒரே அட்டையில் எழுதித் தர வேண்டும். அந்த அட்டையைக் காட்டினால் எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாத்திரை கிடைக்க வேண்டும், வழியில் தீர்ந்துபோனால் நாங்கள் நிறுத்திவிடுகிறோம், அதுதான் உண்மை.

மேஜை, நாற்காலி, லைட் எல்லாம் நாங்களே போட்டுத் தருகிறோம். ஆளும் மெஷினும் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
லாரி ஓட்டுநர்