கார் வாங்கியிருக்கும் மகளுக்கு

பாளையங்கோட்டை,
மார்கழி 10.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தோம். வண்டி நன்றாக இருக்கிறது. ஏழு வருடப் பழசு என்று சொன்னால்தான் தெரியும். பொங்கலுக்குக் கோவையிலிருந்து நீயே ஓட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னதிலிருந்து அம்மா, "வயசுப் பிள்ள ஒத்தையில அம்புட்டுத் தூரம் ஓட்டிட்டு வரணுமாக்கும்" என்று என்னைத்தான் பிடுங்குகிறாள். எனக்குப் பயம் கிடையாது. ஆனால் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

காலமெல்லாம் பஸ் ஓட்டியவன் சொல்கிறேன். கியர் போட்டு வண்டியை நகர்த்துவது யாருக்கும் பதினைந்து நாளில் வந்துவிடும். டிரைவிங் ஸ்கூலில் அதற்குத்தான் காசு வாங்குகிறார்கள். நிறுத்துவதை யாரும் சொல்லித் தருவதில்லை. நினைத்த இடத்தில் வண்டி நிற்குமா, நிறுத்த வேண்டிய நேரத்தில் உனக்கு நிறுத்த மனசு வருமா, இந்த இரண்டையும் வைத்துத்தான் நான் ஒருவரை டிரைவர் என்று ஒத்துக்கொள்வேன்.

பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும். ரோட்டைப் பிடிப்பது டயர். அதனால் முதலில் டயர். அதன் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். வெளிப்பக்கம் காணோம் என்றால் உள்பக்கம் இருக்கும், குனிந்து டார்ச் அடித்துப் பார். பழைய வண்டியை விற்கிறவர்கள் டயருக்குக் கறுப்புப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று நிறுத்துவார்கள், அதில் மயங்காதே. பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சின்ன மேடு ஒன்று குறுக்கே போகும், 1.6 மில்லிமீட்டர் உயரம். தேய்ந்து தேய்ந்து டயர் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் கழற்றிவிட வேண்டியதுதான். ஐந்து வருடத்தைத் தாண்டிய டயர் என்றால், பள்ளம் ஆழமாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று நல்ல கடையில் காட்டிவிடு.

காற்றைக் காலையில் கிளம்பும் முன்பே பார்த்துவிடு. ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். காற்றடிக்கிற பையன் "எவ்வளவு வைக்கட்டும்?" என்று கேட்பான். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள எண்ணைச் சொல். டயரிலேயே ஒரு எண் அச்சடித்திருக்கும், அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்சம். நிறையப் பேர் அதைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். ஸ்டெப்னிக்கும் காற்று வை. ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் டிக்கியில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்.

உன் வண்டியில் ஏ.பி.எஸ். இருக்கிறது என்றாய், ஓங்கி மிதித்தாலும் சக்கரம் இறுகி நின்று வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் பிரேக் வசதி. ஓங்கி மிதிக்கும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறும். புதுசாக ஓட்டுகிறவர்கள் என்னமோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிடுவார்கள். எடுக்காதே. அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்பி ஒதுங்கலாம், அதற்காகத்தான் அது இருக்கிறது. ஆளில்லாத ரோடு ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 40-இல் போய் ஓங்கி மிதித்துப் பார். அந்த உதறல் காலுக்குப் பழக வேண்டும்.

80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போய்விடுகிறாய். முன்னால் போகிற வண்டி ஒரு போர்டைத் தாண்டியதும் நிதானமாக மூன்று எண்ணு. அதற்குப் பிறகுதான் நீ அந்தப் போர்டைத் தாண்ட வேண்டும். மழை என்றால் ஆறு. இடைவெளி விட்டால் எவனாவது புகுந்துவிடுவான்தான். புகட்டும், நீ மறுபடி பின்னால் வா. நாலு பேர் புகுந்தாலும் திருநெல்வேலி எங்கேயும் ஓடிப்போகாது.

பானட்டைத் திறக்கக் கூச்சப்படாதே. சமதளத்தில் நிறுத்தி, இஞ்சின் ஆறியதும் ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடு. இரண்டு கோட்டுக்கு நடுவில் ஆயில் நின்றால் போதும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு. ரேடியேட்டருக்கு கூலன்ட்தான், குழாய்த் தண்ணீர் வேண்டாம். திசையன்விளைப் பக்கத்து உப்புத் தண்ணீர் என்றில்லை, உங்கள் சிறுவாணித் தண்ணீரும் குடிக்கத்தான் ருசி. ஹீட் முள் மேலே ஏறினால் ஏ.சி.யை அணைத்து ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்து. நன்றாக ஆறாமல் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே, கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும். ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தாலும் இதே கதைதான். பக்கத்து பங்க் வரை போய்விடலாம் என்று உருட்டினால் இஞ்சினே போய்விடும். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் கிளம்புமுன் மாற்றச் சொல், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற சாமான்.

அப்புறம் தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை நீயே டி.வி.யில் பார்த்தாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஏறி வந்து திருநெல்வேலி சந்திப்பு, வண்ணாரப்பேட்டைப் பக்கமெல்லாம் வண்டிகள் முழுகிக் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பினால், சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாமல் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் ராடு வளைந்துவிடும். ஸ்டார்ட் பண்ணாமல் கட்டி இழுத்துக்கொண்டு போய்ச் சுத்தம் செய்தால் பிழைக்க வழியுண்டு. சாதாரண இன்சூரன்ஸில் இந்த இஞ்சின் செலவு பெரும்பாலும் வராது, 'இஞ்சின் புரொடெக்ட்' என்று தனியாகச் சேர்க்க வேண்டும். உன் பாலிசியை எடுத்துப் பார். ரோட்டின் மேல் தண்ணீர் ஓடி, அடியில் ரோடு இருக்கிறதா என்று தெரியவில்லையா, திரும்பிப் போய்விடு.

தை மாதம் கோவில்பட்டிக் கரிசல் பக்கம் சர்வீஸ் ரோட்டிலும் ஊர் ரோட்டிலும் உளுந்துச் செடி, பாசிச் செடியைப் பரப்பிப் போட்டிருப்பார்கள். வண்டி ஏறினால் நெற்று உடையும், அவர்களுக்குக் கூலி மிச்சம். நமக்கு அது ஆகாது. பிரேக் வழுக்கும். காய்ந்த கொடி அடியில் சுற்றிச் சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். ஒதுங்கிப் போக முடியாமல் ஏறிவிட்டால், தாண்டியதும் நிறுத்திக் குனிந்து பார்த்துப் பிடுங்கிப் போடு.

பொங்கலுக்கு மறுநாள் அம்மாவைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். அந்த ரோட்டில் ராத்திரியெல்லாம் பாதயாத்திரைக்காரர்கள் நடப்பார்கள். எதிர் வண்டி வெளிச்சத்தில் ஓரத்தில் நடக்கிறவர் தெரியவே மாட்டார். பகலில் போவோம். மலையில் இருக்கிற சொரிமுத்தையனார் கோவிலுக்கு நீ ஓட்ட வேண்டாம், இந்தத் தடவை நான் ஓட்டுகிறேன். இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே இஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் உட்கார்ந்து பார். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவன் பிரேக்கைக் காய்ச்சிக் கெடுக்கிறான். இஞ்சினையே அணைத்துவிட்டால் பிரேக் கட்டையாக இறுகிப்போகும். ஆடியில் சித்தியைப் பார்க்க நாகர்கோவில் போகும்போது, வழியில் முப்பந்தலில் அடிக்கிற காற்றைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். லாரியைத் தாண்டி வெளியே வந்த நொடியில் அந்தக் காற்று வண்டியைத் தள்ளும்.

அம்மா எலுமிச்சம்பழமும் தொங்கவிட ஒரு முருகன் படமும் வாங்கி வைத்திருக்கிறாள். பழத்தைச் சக்கரத்தில் வைத்துக்கொள். படத்தைக் கண்ணாடியில் தொங்கவிடாதே, மறைக்கும். இடது பக்க ஏர்பேக் மூடி மேலும் ஒட்டாதே. நடுவில் இடம் இருக்கிறது, முருகனுக்கு அது போதும். பின்சீட்டில் உட்கார்ந்து வருகிற உன் சிநேகிதியும் பெல்ட் போட வேண்டும்.

விடியற்காலை 2 மணிக்குக் கிளம்பும் யோசனை இருந்தால் விட்டுவிடு. தூங்கி எழுந்து 6 மணிக்குக் கிளம்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நட. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைக் கட்டினால் ஏ.சி.யைக் கூட்டினாலும் பாட்டைச் சத்தமாக வைத்தாலும் போகாது, பங்கில் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் தூங்கு. வழியில் வண்டி நின்றுவிட்டால் முக்கோணப் போர்டை 50 மீட்டர் பின்னால் வைத்துவிட்டு, ரோட்டை விட்டு இறங்கி நின்று நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குப் போன் பண்ணு.

சாத்தூரில் நிறுத்திச் சேவு வாங்கு. கோவில்பட்டியில் நிறுத்தி அம்மாவுக்குக் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு, அங்கிருந்தே எனக்குக் கூப்பிடு. அதற்கப்புறம் கூப்பிட்டால் ஓட்டிக்கொண்டே பேசுகிறாய் என்று நினைத்து நான் எடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா