உறங்கும் துரு வித்துகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கோதுமைத் துருநோய் பற்றிய தங்கள் கட்டுரையில், அந்நோயை உண்டாக்கும் பூஞ்சையின் வித்துகளை (அது பரவ உதவும் நுண்துகள்களை) சேமிக்கும் முறை விடுபட்டது வருத்தமளித்தது. அந்நோயின் ஒரு வகையான தண்டுத் துருவின் வித்துகள் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில், திரவ நைட்ரஜனில், பல்லாண்டுகள் உயிரோடிருக்கும். ஆனால் வெளியே எடுத்ததும் பல முளைப்பதில்லை என்பதால் அவற்றைச் செத்தவை என்று கொட்டிவிடக் கூடாது; அவை குளிரால் உறங்குகின்றன. குப்பியைச் சுமார் 40 டிகிரி வெந்நீரில் சில நிமிடங்கள் வைத்தால் அந்த உறக்கம் கலையும். இதை அறியாமல் ஒரு பருவத்து மாதிரிகளையே நான் இழந்திருக்கிறேன்.

சமவெளியின் கோடை வெப்பத்தில் மடியும் இவ்வித்துகள் நீலகிரி, பழனி மலைகளின் குளிரில் பிழைத்திருப்பதை ஆராய்ந்த இந்தியப் பயிர்நோயியல் அறிஞர் கே.சி. மேத்தாவின் பணியையும் குறிப்பிட்டிருக்கலாம். நோய் தாங்கும் ரகங்களைத் தேர்வதற்கு உயிருள்ள வித்துகள் தேவைப்படுவதால், மேற்கண்ட செய்முறையை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பயிர்நோயியல் ஆசிரியர்,
உதகமண்டலம்.