கருவியோடு ஒரு நோட்டும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகம் காட்டினால் கதவு திறக்கும், போனில் சொன்னால் விளக்கு எரியும் வீடுகளைப் பற்றி உங்கள் இதழில் படித்தேன். பிடிக்கவில்லை என்றால் வீட்டுக்காரர் அதைக் கழற்றிவிட்டுப் பழைய பூட்டையே மாட்டிக்கொள்ளலாம். தேயிலைத் தோட்டத்துப் பெண்களால் அது முடியாது.

குன்னூர் பக்கம் ஒரு தோட்டத்தில் காலை வருகைப் பதிவுக்கு முகம் பார்க்கும் கருவி வைத்திருக்கிறார்கள். முகத்தைப் படம் பிடித்து, எண்களாக மாற்றி, முன்பே சேமித்து வைத்த எண்களோடு கருவி ஒப்பிடும். குறிப்பிட்ட அளவுக்குப் பொருந்தினால்தான் ஆஜர். மார்கழி, தை மாதங்களில் விடிகாலை வெளிச்சம் போதாது, மழைக்காலத்தில் மூடுபனி. தலையையும் காதையும் கம்பளித் துணியால் சுற்றிக்கொண்டுதான் பெண்கள் வருவார்கள். கருவி ஏற்காவிட்டால் துணியை அவிழ்த்து, முகத்தைத் துடைத்து, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அதற்குள் நேரம் தாண்டிவிட்டால் அரை நாள் சம்பளம் போச்சு. கரன்டும் சிக்னலும் இல்லாத நாட்களைக் கேட்கவே வேண்டாம்.

கருவி மறுப்பது மட்டுமல்ல, ஆளையே மாற்றிவிடவும் கூடும். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 2019-ல் முகம் பார்த்து அடையாளம் காணும் 189 மென்பொருள்களைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. ஒருவரை இன்னொருவராக எடுத்துக்கொள்ளும் பிழை, பலவற்றில் பெண்களிடமும் வயதானவர்களிடமும் கூடுதலாக இருந்தது. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தானே!

சட்டமும் பெரிய துணையாக இல்லை. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை சார்ந்த தேவைக்கென்றால் தொழிலாளியின் ஒப்புதல் இல்லாமலேயே அவர் தரவைப் பயன்படுத்த நிர்வாகத்துக்கு இடம் கொடுக்கிறது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை எப்படி மாற்றுவது?

நான் கருவிகளுக்கு எதிரி இல்லை. மலைக்குக் கீழே, கோவை அருகே மதுக்கரையில், தண்டவாளத்துக்கு வரும் யானையைக் கேமராக்கள் கண்டுபிடித்துச் சொல்வதால் ரயிலின் வேகத்தைக் குறைக்க முடிகிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் அங்கேயும் கட்டுப்பாட்டு அறையில் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

தோட்டத்திலும் அப்படி ஓர் ஆள் வேண்டும். கருவி மறுத்தால் மேஸ்திரி உடனே நோட்டில் பெயர் எழுதி, தொழிலாளியிடம் கையெழுத்து வாங்கட்டும். அந்தப் பதிவுக்கும் முழுச் சம்பளம் உண்டு என்று நிர்வாகம் எழுத்தில் தரட்டும். அன்றைய ஆஜரும் கொழுந்து எடையும் அடங்கிய சீட்டு, அன்று சாயங்காலமே அவர்கள் கைக்குப் போய்ச் சேரட்டும். வேலையை விட்டுப் போகிறவர்களின் முகப்பதிவை அழித்துவிட வேண்டும். தொழிலாளர் துறை இவற்றை எல்லாத் தோட்டங்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கர்,
கோத்தகிரி