துதியில் முடியாத சாட்சிகள்: சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய போதகர் ஐயாவுக்கும் மூப்பர்களுக்கும்,

'ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் ஸ்தோத்திரம்' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். வாழ்த்தில் குறையில்லை. எத்தனையோ கடிதங்களின் தலையில் அதை எழுதியிருக்கிறேன். அதில் ஒருமுறையாவது அந்த நாமம் எனக்கு இனித்ததா என்று யோசித்தேன். கை எழுதிக்கொண்டிருக்கும், மனம் அடுத்த வரிக்குப் போயிருக்கும். இந்த மடல் அந்தப் பழக்கத்தைப் பற்றியது. அதையே வைத்துத் தொடங்க மனம் வரவில்லை.

நேரில் சொல்லாமல் ஊரறிய ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். நேரில் சொன்னால் எனக்காக ஜெபிப்பீர்கள், அதோடு முடிந்துவிடும். இன்னொன்று, இது நம் சபையில் மட்டும் நடப்பதும் அல்ல.

ஆராதனையில் கர்த்தர் தங்களுக்குச் செய்ததை விசுவாசிகள் எழுந்து சொல்கிற சாட்சி நேரத்துக்கு எட்டு ஆண்டுகளாகப் பெயர் எழுதி வாங்குகிறவன் நான். ஒருவருக்கு மூன்று நிமிடம். முதலில் பிரச்சினை, பிறகு ஜெபம், கடைசியில் வெற்றி, முடிவில் துதி. இந்த வரிசையை நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 'விசுவாசிகளைச் சோர்வாக்குகிற சாட்சி வேண்டாம் தம்பி' என்று ஒரே ஒருமுறை சொன்னீர்கள். அது போதுமாயிருந்தது. மீதியை நானே கற்றுக்கொண்டேன். பெயர் கொடுக்க வருகிறவரிடம் 'முடிவு என்ன ஆச்சு?' என்று முதலில் கேட்பேன். வேலை கிடைத்ததா, கட்டி கரைந்ததா, பிள்ளை திரும்பி வந்தானா? கிடைக்கவில்லை, கரையவில்லை, வரவில்லை என்றால் 'ஜெபிப்போம், கர்த்தர் செய்வார், செய்ததும் வந்து சொல்லுங்கள்' என்று அனுப்பிவிடுவேன். எனக்கு அது அன்பான பேச்சாகத்தான் தோன்றியது.

ஒரு சகோதரி வந்தார். மகனின் சுகத்துக்காக நாம் எல்லாரும் மூன்று ஆண்டுகள் ஜெபித்தோமே, அவர்தான். மகனை அடக்கம் செய்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. 'எனக்கு ஒரு சாட்சி சொல்லணும்' என்றார். என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். 'கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்கலை. ஏன் கேட்கலைன்னு தெரியலை. ஆனாலும் நான் இங்கே வர்றதை நிறுத்தலை. அதைச் சொல்லணும்.'

அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. இப்போதும் வருகிறார், பின்வரிசையில் உட்காருகிறார். பாட்டு வேளையில் எல்லாரும் கை உயர்த்தும்போது அவருடைய கைகள் மடியில் இருக்கும். அவரைப் பார்த்து, 'அந்த அம்மா பின்வாங்கிப் போயிட்டாங்க போல' என்று நம் ஜெபக்குழுவிலேயே ஒருவர் சொன்னார். அன்றுதான் எனக்குத் தூக்கம் கலைந்தது.

1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் சீலோவில் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. அதைப் பற்றி நீங்களே பலமுறை பிரசங்கித்திருக்கிறீர்கள். பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் அழுதுகொண்டு ஜெபிக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. வாசல் நிலையண்டை உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலி அவள் வாயைக் கவனிக்கிறான், குடிவெறி என்று முடிவு கட்டுகிறான். 'உன் குடியை உன்னைவிட்டு விலக்கு' என்கிறான். ஆலயத்துக்குள் நின்று உண்மையாய் ஜெபித்த ஒருத்தியை, ஜெபத்தைப் பற்றி எல்லாம் அறிந்த மனிதனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் அறிந்த ஜெபத்துக்கு ஒரு சத்தம் உண்டு. அந்தச் சத்தம் இல்லாததால் அது ஜெபமாகவே படவில்லை.

நாம் பிரசங்கத்தில் சேர்த்து வாசிக்காத ஒன்று அடுத்த அதிகாரத்தில் இருக்கிறது. அதே ஆலயத்தில் ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் ஆசாரிய ஊழியம் செய்கிறார்கள். ஜனங்கள் பலியிடக் கொண்டுவந்த இறைச்சியைக் கொழுப்பு தகனிக்கப்படும் முன்பே பச்சையாய்க் கேட்டு வாங்க ஆள் அனுப்புகிறார்கள். கொடுக்காவிட்டால் பலவந்தமாய் எடுப்பேன் என்கிறான் அந்த ஆள். பதவியும் பரம்பரையும் பலிபீடமும் அவர்களுக்கு உண்டு. அன்னாளின் உதட்டைப் பார்த்த மாத்திரத்தில் கண்டித்த ஏலி, இவர்களைக் கண்டிக்க முதிர்வயது வரை எடுத்துக்கொண்டான், அதுவும் மென்மையாக. வெளித்தோற்றத்தை வைத்து அளக்கிற கண்ணுக்கு இந்த இரண்டு தவறும் சேர்ந்தேதான் வருகின்றன.

ஏலியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும். 'என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றினேன்' என்று அவள் சொன்னதும் அவன் தன் தீர்ப்பை விட்டுவிட்டு ஆசீர்வதித்தான். வாதாடவில்லை. அப்படிப்பட்ட மனசு உங்களுக்கும் உண்டு என்று நம்பித்தான் எழுதுகிறேன். அன்னாளுக்குக் கடைசியில் பிள்ளை கிடைத்ததே, அவள் கதையும் துதியில்தானே முடிகிறது என்று ஒருவர் கேட்கலாம். வசனத்தைப் பாருங்கள்: அவள் முகத்திலிருந்த துக்கம் மாறியது சாமுவேல் பிறந்தபின் அல்ல. அன்றே, கையில் ஒன்றும் இல்லாமல் ஆலயத்தைவிட்டுப் புறப்பட்டுப் போனபோது.

வெளி அடையாளமே வேண்டாம் என்கிற கட்சியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். மத்தேயு 23-இல் பரிசேயர் தங்கள் வஸ்திரங்களின் தொங்கல்களைப் பெரிதாக்குகிறார்கள் என்று இயேசு சொல்கிறார். கிரேக்க மூலத்தில் அந்தத் தொங்கலுக்கு உள்ள சொல், 9-ஆம் அதிகாரத்தில் பெரும்பாடுள்ள, அதாவது உதிரப்போக்கு நோயுள்ள, ஸ்திரீ தொட்டாளே, இயேசுவின் வஸ்திரத்தின் ஓரம், அதற்கும் அதே சொல்தான். தமிழில் இரண்டு சொல்லாகப் பிரிந்ததால் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. எண்ணாகமம் 15 கட்டளையிட்ட தொங்கலை அவரும் அணிந்திருந்தார் என்றுதான் பொருள். ஆகவே அவர் குறை சொன்னது தொங்கலை அல்ல, அதன் நீளத்தை. யாருக்குத் தெரியவேண்டும் என்று அது நீண்டதோ, அந்த நோக்கத்தை. அவருடைய தொங்கல் நோயுற்ற ஒருத்தியின் கைக்கு எட்டியது. நம்முடையது யார் கைக்கு எட்டுகிறது?

அதே 23-ஆம் அதிகாரத்தில் பரிசேயரைக் குறித்து நாம் 'மாயக்காரர்' என்று வாசிக்கிற சொல் கிரேக்கத்தில் மேடை நடிகரைக் குறித்தது. திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பில் 'வெளிவேடக்காரர்' என்று இருப்பது அதற்கு இன்னும் நெருக்கம். நடிகன் மேடையில் அழுவது குற்றமல்ல, அது அவன் தொழில். ஆனால் அவனுக்கு எதிரே பார்வையாளர் வேண்டும். மலைப்பிரசங்கத்தில் தர்மம், ஜெபம், உபவாசம் என்று மூன்றைப் பற்றியும் இயேசு பேசும்போது 'அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது' என்று மூன்று முறை சொல்கிறார். அந்தக் கிரேக்கச் சொல்லை அக்காலத்தார் பற்றுச்சீட்டில் எழுதுவார்கள், 'முழுவதும் பெற்றுக்கொண்டேன்' என்ற பொருளில். கணக்கு தீர்ந்தது, இனி பாக்கி இல்லை. நம் சாட்சி நேரத்தில் 'ஆமென்' சத்தம் எழும்பும்போது எனக்கு இப்போதெல்லாம் அந்தச் சீட்டு கிழிக்கப்படுகிற சத்தம்தான் கேட்கிறது.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். 'டிடாக்கே' என்று ஒரு பழைய நூல் உண்டு, பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்பார்கள். அதன் கையெழுத்துப் பிரதி 1873-இல் கிடைத்து 1883-இல் அச்சானது. நூலோ ஆதிச்சபைக் காலத்தைச் சேர்ந்தது. மாயக்காரரைப் போல உபவாசிக்காதீர்கள் என்கிறது. நல்லது, அப்படியானால் எப்படி? அவர்கள் திங்களும் வியாழனும் உபவாசிக்கிறார்கள், நீங்கள் புதனும் வெள்ளியும் உபவாசியுங்கள்! மாயத்துக்கு மருந்தாகக் கிழமையை மாற்றிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த நல்ல மனிதர்களைப் பார்த்துச் சிரிக்கிறேன், பிறகு என் பட்டியலைப் பார்க்கிறேன், சிரிப்பு நின்றுவிடுகிறது.

ஆதிச்சபையில் நிலத்தை விற்றுப் பணம் கொண்டுவந்த அனனியா, சப்பீராள் தம்பதியின் கதையைக் காணிக்கைப் பிரசங்கத்துக்கு வைத்துக்கொள்கிறோம். கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டார்கள், செத்தார்கள் என்று. பேதுரு சொன்னது அது இல்லையே. நிலம் விற்குமுன்னும் உன்னுடையது, விற்றபின் பணமும் உன் வசத்தில்தான் இருந்தது என்கிறார். பாதி கொடுத்திருக்கலாம், ஒன்றும் கொடுக்காமலும் இருந்திருக்கலாம். பாதியைக் கொடுத்து முழுசு என்று காட்டிக்கொண்டதுதான் குற்றம். அப்படியென்றால் அந்தச் சபையில் 'ஐயா, என்னால் பாதிதான் முடிந்தது' என்று சொல்ல இடம் இருந்திருக்கிறது. நம்மிடம் இருக்கிறதா? பாதி விசுவாசத்தோடு வருகிறவன் அதை எங்கே வைப்பான்? முழுசு என்று காட்டினால் மேடை, பாதி என்று சொன்னால் ஆலோசனைக்கூட்டம். அப்புறம் அவன் மாயக்காரனாகிவிட்டான் என்று நாமே வருத்தப்படுகிறோம். அவனைப் பழக்கியது யார்? நான்தான். உங்கள் ஒரு வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் பழக்கினேன்.

'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று மாற்கு 9-இல் ஒரு தகப்பன் கண்ணீரோடு கதறுகிறானே, அவன் என்னிடம் பெயர் கொடுக்க வந்திருந்தால் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியை வெட்டச் சொல்லியிருப்பேன். இயேசு வெட்டச் சொல்லவில்லை. இரண்டையும் கேட்டுவிட்டு, பையனைக் குணமாக்கினார்.

சோர்வாக்குகிற சாட்சி வேண்டாம் என்றால் வேதத்தில் எவ்வளவை வெட்ட வேண்டியிருக்கும் என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். சங்கீதங்கள் 150-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கையின் பக்கம் திரும்பிவிடுகின்றன, ஒப்புக்கொள்கிறேன். 88-ஆம் சங்கீதம் திரும்புவதில்லை. நண்பனும் தோழனும் தூரமாகி, எபிரெயத்தில் கடைசிச் சொல்லே இருள் என்று நின்றுவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் ஒரு ஸ்தோத்திரத்தை ஒட்டவைத்திருக்கலாம், வைக்கவில்லை. ஆலயத்தில் பாடவே வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் இழந்து கிடந்த யோபுக்கு ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் பேசிய பேச்சில் பாதி நம் பிரசங்கங்களில் இன்றும் வருகிறது, அவ்வளவு பக்தியான பேச்சு. கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது அவர்கள்மேல். பிறந்த நாளைச் சபித்து, எனக்குப் பதில் சொல்லும் என்று கத்தினவனைத்தான் 'என் தாசனாகிய யோபு' என்கிறார்.

அன்னை தெரசா 1997-இல் இறந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 2007-இல், அவர் தம் ஆவிக்குரிய வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் வந்தன. ஐம்பது ஆண்டுக்கு நெருக்கமாக அவருக்குள் இருளும் வெறுமையும் இருந்ததும், தேவன் அருகில் இருப்பதை உணராமலே ஜெபித்து வந்ததும் அவற்றில் இருந்தன. அவை வேஷத்தின் சான்று என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உணர்வு வற்றிய பின்னும் விடியற்காலையில் எழுந்து நோயாளியிடம் போகிற கால்களை வேஷம் என்று எப்படிச் சொல்வது? அவருடைய கத்தோலிக்க சபை இவ்வளவையும் அறிந்துகொண்டே 2016-இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தது. ஆனால் அவர் அதைச் சொல்வதற்குக் கடிதமும் மூடிய உறையும்தான் இருந்தன என்பது என்னை உறுத்துகிறது. கடிதங்களை அழித்துவிடும்படி வேறு கேட்டிருந்தார்.

புதிதாய் வந்தவர்கள் இடறிவிடுவார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். அது நியாயமான கவலை. மேய்ப்பனுக்கு வரவேண்டிய கவலையும்கூட. ஆனால் நான் பார்த்த வரையில் புதியவர்கள் இடறியது வேறொரு இடத்தில். வந்த முதல் வருஷம் மற்றவர்களின் வெற்றியைக் கேட்டு மகிழ்கிறார்கள். இரண்டாம் வருஷம் தங்கள் ஜெபத்துக்குப் பதில் வராதபோது, இந்த மண்டபத்தில் தாங்கள் ஒருவர் மட்டுமே அப்படி என்று நினைக்கிறார்கள். மூன்றாம் வருஷம் ஒன்று நடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள், அல்லது வருவதில்லை. வராமல் போனவர்கள் எண்ணிக்கை என் நோட்டில் இல்லை. பெயர் கொடுத்தவர்களை மட்டுமே எழுதினேன்.

ஆகவே கேட்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, முடிவு தெரியாத சாட்சிக்கும் இடம் கொடுங்கள். பேசி முடித்ததும் யாரும் மைக்கை வாங்கி அதற்கு ஒரு நல்ல முடிவு சேர்க்க வேண்டாம். 'ஆனாலும் கர்த்தர்' என்று தொடங்கும் எந்த வாக்கியமும் வேண்டாம். வேண்டுமானால் 88-ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு உட்காருவோம். மேடைக்கு வர மனமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. அழுகையையும் ஒரு காட்சியாக்கிவிட நமக்கு ஆறு மாதம் போதும், நம்மைப் பற்றி எனக்குத் தெரியும். அப்படி ஆகிவிட்டால் அதையும் நிறுத்திவிடலாம்.

நீங்கள் சம்மதித்தால் முதல் பெயர் அந்தச் சகோதரியுடையது. அவரிடம் நான் இன்னும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் சாட்சி கேட்டுப் போவது முறையல்ல. இந்த ஞாயிறு ஆராதனை தொடங்கும் முன் பின்வரிசைக்குப் போகிறேன். அவர் மாட்டேன் என்றால், அந்த மூன்று நிமிடம் என்னுடையது. ஒருத்தியை எப்படித் திருப்பி அனுப்பினேன் என்று சொல்லுவேன். அந்தச் சாட்சிக்கும் இன்னும் முடிவு இல்லை.

இப்படிக்கு,
சாட்சிப் பட்டியல் எழுதும் உங்கள் சகோதரன்